கூரை கான்கிரீட்டுக்கு முன்: வீட்டுக்குள் வெப்பம், குளிர்ச்சி, கரன்ட், வெளிச்சம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருச்சியில் தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுகிறீர்கள். மூன்று வாரத்தில் மேல் கூரைக்கு கான்கிரீட். எலக்ட்ரீஷியன் வந்து, "எங்கெங்க பாயிண்ட் வேணும்னு சொல்லுங்க மேடம், பைப் போட்டுடலாம்" என்கிறார். பள்ளியில் தமிழ் நடத்தும் உங்களுக்கு ஏசி, ஒயரிங், விளக்கு, ஹீட்டர் எல்லாம் தனித்தனிப் புதிராக இருக்கிறது. அடிப்படையிலிருந்து யாராவது சொன்னால் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டடங்களுக்கு மின்சாரமும் குளிர்சாதனமும் வடிவமைக்கும் வேலையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். இந்தக் கேள்வி பெரும்பாலும் வீடு கட்டி முடித்து, பெயின்ட்டும் அடித்த பிறகுதான் என்னிடம் வரும். நீங்கள் கூரை போடுவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இவை நான்கு பாடம் இல்லை, ஒரே பாடம். வெப்பம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற கணக்குதான் நான்கிலும் ஓடுகிறது. ஏசி வெப்பத்தை உருவாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. உள்ளே இருப்பதை எடுத்து வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது. ஹீட்டர் மின்சாரத்தை வெப்பமாக்குகிறது. ஒயரில் கரன்ட் ஓடினால் ஒயர் சூடாகிறது. அந்தச் சூடு எல்லை மீறுவதைத்தான் 'ஷார்ட் சர்க்யூட் தீ' என்று செய்தியில் படிக்கிறோம். விளக்கு தின்னும் மின்சாரமும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் முடிகிறது. இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

அதனால் எலக்ட்ரீஷியனுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் மேலே பார்ப்போம், கூரையை.

திருச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10.8 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒருமுறையும் ஆகஸ்ட் பிற்பகுதியில் ஒருமுறையும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகாது. ஆகவே நம் ஊரில் வெயிலை முழுதாக வாங்குவது சுவர் இல்லை, மொட்டை மாடிதான். தெளிந்த நாளில் நண்பகலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் வெயில் விழுகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டியை ஒவ்வொரு சதுர மீட்டரிலும் கவிழ்த்து வைத்ததற்குச் சமம். கறுத்துப்போன சிமென்ட் தளம் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். நல்ல வெள்ளைப் பரப்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம், ஆசிரியர் என்பதால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிப் படுக்கையறை. கூரை ஏறத்தாழ 11 சதுர மீட்டர். வெறும் கான்கிரீட் தளம் என்றால், மேலுக்கும் கீழுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது சதுர மீட்டருக்குச் சுமார் 3 வாட் வெப்பத்தைக் கடத்தும். மே மாத மதியம் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி, அறைக்குள் நீங்கள் வைக்க விரும்புவது 26. வித்தியாசம் 34. மூன்றையும் பெருக்கினால் 1,100 வாட்டுக்கு மேல். அதாவது கூரையே ஒரு பெரிய அறை ஹீட்டர் மாதிரி உங்கள் தலைக்கு மேல் தொங்குகிறது.

அதே கூரைமேல் வெப்பத்தடுப்புப் பலகை வைத்து, அதற்கு மேல் வெள்ளை ஓடு பதித்தால்? கடத்தும் அளவை 1.2 வாட்டுக்குக் கொண்டுவரலாம். வீடுகளுக்காக மத்திய அரசு 2018இல் கொண்டுவந்த 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற எரிசக்தி விதிமுறையும் கூரைக்கு இந்த 1.2ஐத்தான் உச்சவரம்பாக வைக்கிறது. வெள்ளைப் பரப்பு என்பதால் மேலே 42 டிகிரிதான் என்று வையுங்கள். 11 பெருக்கல் 1.2 பெருக்கல் 16. சுமார் 210 வாட். ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. ஏசி வாங்குவதற்கு முன்பே ஏசியின் வேலையில் 900 வாட்டைக் குறைத்துவிட்டோம். நிஜத்தில் கான்கிரீட் வெப்பத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடும் என்பதால் கணக்கு இவ்வளவு நேராக இருக்காது. ஆனால் திசை இதுதான்.

அந்த 'மெதுவாக விடும்' குணத்தை நான் சொந்த வீட்டில் அனுபவித்தேன். முதல் வீட்டில் மேற்கு மூலைப் படுக்கையறைக்கு மேல் வெறும் தளம். ஒன்றரை டன் ஏசி மாட்டியும் இரவு பதினொரு மணி வரை அறை குளிராது. வெளியே காற்று குளிர்ந்துவிட்டிருக்கும், உள்ளே கட்டிலில் படுத்தால் நெற்றிக்கு மேலிருந்து சூடு இறங்கும். மதியம் தளம் குடித்த வெயில், நாலைந்து மணி நேரம் கழித்துக் கீழே வரத் தொடங்கி, நாம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும் நேரம் வரை இறங்கிக்கொண்டே இருக்கிறது. அடுத்த கோடைக்கு முன் வெள்ளை ஓடு பதித்தேன். அதே ஏசி ஒன்பது மணிக்கெல்லாம் அடங்கி ஓட ஆரம்பித்தது.

நம் பழைய கொத்தனார்களுக்கு இது தெரியும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கி, மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். மண்பானைகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்து மேலே சுண்ணாம்புக் கலவை போடுவதும் உண்டு. பானைக்குள் அடைபட்ட காற்றுதான் தடுப்பு. இன்று பலகை, வெள்ளை ஓடு, வெள்ளைப் பூச்சு என்று வழிகள் பல. பூச்சு மட்டும் என்றால் தூசியும் பாசியும் படிந்து பலன் குறையும், கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்தால் பலகையும் ஓடும். பணம் இப்போது இல்லை என்றால், கைப்பிடிச் சுவரை எழுப்பும்போதே நாலு அங்குலம் கூட்டி, பின்னால் பதிக்க இடம் விட்டுவிடுங்கள்.

சுவரில் கவனிக்க வேண்டியது கிழக்கும் மேற்கும். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து வருவதால் ஜன்னலுக்கு மேல் நீட்டும் சன்ஷேட் அங்கே பெரிதாக உதவாது. வெயில் அதற்கு அடியில் நுழைந்துவிடும். மேற்கு ஜன்னலைச் சிறிதாக்குங்கள், அல்லது அந்தப் பக்கம் குளியலறை, மாடிப்படி, பொருள் அறை என்று தள்ளிவிடுங்கள். வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்கவிட்டால் வெயில் கண்ணாடிக்கு முன்பே நின்றுவிடும். உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும், கண்ணாடியைத் தாண்டிய வெப்பம் வீட்டுக்குள் வந்துவிட்ட வெப்பம்தான்.

சரி, இனி குளிர்ச்சி.

நம் உடம்பே சும்மா உட்கார்ந்திருக்கும்போது 100 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அது சுலபமாக வெளியேறினால் சுகம், தடைபட்டால் புழுக்கம். காற்றின் சூடு மட்டுமல்ல, ஈரப்பதம், காற்றின் வேகம், சுற்றியுள்ள சுவர் கூரையின் சூடு, உடை, செய்யும் வேலை எல்லாம் இதில் சேரும். ஃபேன் காற்றைக் குளிர்விப்பதே இல்லை. வியர்வை ஆறும் வேகத்தைக் கூட்டுகிறது, அதனால் 2, 3 டிகிரி குறைந்தது போலத் தோன்றுகிறது. ஆள் இல்லாத அறையில் ஓடும் ஃபேன் தன் மோட்டார் சூட்டைத்தான் அறைக்குள் விடுகிறது.

ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் ஏசியைப் பற்றிக் கேட்பார்கள், ஃபேனைக் கேட்க மாட்டார்கள். பழைய வகை ஃபேன் 75 வாட். பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட் அளவு. தினம் 15 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு முன்னது 34 யூனிட், பின்னது 13 அல்லது 14. ஒரு ஃபேனுக்கே இரண்டு மாத பில்லில் 40 யூனிட் மிச்சம். உங்கள் வீட்டில் எட்டு ஃபேன் வரும். அத்தனையும் 15 மணி நேரம் ஓடாது என்றாலும், கூடுதல் விலை சீக்கிரமே திரும்பி வந்துவிடும்.

ஏர் கூலர் வாங்கலாமா என்பது ஊரைப் பொறுத்தது. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் அதன் வித்தை. திருச்சியின் ஏப்ரல் மதியம் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் கூலர் கொண்டுபோகக்கூடிய எல்லை 25, 26 டிகிரி வரை. சென்னைக் கடற்கரைப் பக்கம் 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் எல்லை 29தான். அதோடு அறை ஈரத்தில் ஊறிவிடும். ஆகவே திருச்சியில் பங்குனி, சித்திரைக்குக் கூலர் வேலை செய்யும், ஐப்பசியில் செய்யாது. கூலரை ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

ஏசிக்குள் நடப்பது இது. குளிர்வாயு ஒன்று மூடிய குழாயில் சுற்றிக்கொண்டே இருக்கும்; இப்போது வரும் வீட்டு ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32. உள்ளே இருக்கும் பெட்டியில் அது திரவத்திலிருந்து ஆவியாக மாறும்போது அறையின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. வெளிப்பெட்டியில் கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்குகிறது. அங்கே வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரும்பத் திரவமாகிறது. பிறகு ஒரு நுண்துளை வழியாக அழுத்தம் இறங்கி மறுபடி உள்ளே. வெளிக்காற்றை விடச் சூடாக இருந்தால்தான் வெளிப்பெட்டியால் வெப்பத்தை விட முடியும். அதனால்தான் அதைச் சந்துக்குள்ளோ கம்பி வலை போட்ட பால்கனி மூலையிலோ அடைக்கக் கூடாது என்கிறேன். தான் விட்ட சூடான காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு திணறும்.

'டன்' என்பது எடை இல்லையா என்று பலர் கேட்பார்கள். எடையேதான், பனிக்கட்டியின் எடை. அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகம்தான் ஒரு டன், 3.5 கிலோவாட். பனிக்கட்டிதான் குளிர்ச்சியாக விற்கப்பட்ட காலத்தின் மிச்சம் அந்தச் சொல். சென்னை மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், 1842இல் ஃபிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரியின் பனிக்கட்டியைச் சேமிக்கத்தான் கட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் குளங்களில் வெட்டிய பனி, மரத்தூளில் புதைந்து, கப்பலில் மாதக்கணக்கில் மிதந்து அங்கே வந்து இறங்கியது. பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு, கூரையைச் சரி செய்துவிட்டால் ஒரு டன் போதும். கூரை வெறும் தளம், மேற்கு ஜன்னல் பெரியது என்றால் ஒன்றரை டன் வாங்கச் சொல்வார்கள். சதுர அடியை மட்டும் கேட்டு டன் சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். எந்தத் தளம், எந்தத் திசை என்று கேட்கிறவர்தான் விஷயம் தெரிந்தவர். ஏசியின் நட்சத்திரக் குறி ஸ்டிக்கரில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. 800 என்றிருந்தால் மணிக்குச் சராசரி அரை யூனிட். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறி பெற்ற அறை ஏசிகள், போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 26 டிகிரியும் மெதுவாக ஓடும் ஃபேனும், தூங்க இதைவிட நல்ல கூட்டணி கிடையாது.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். கதவை அடைத்து மூன்று பேர் தூங்கினால் காலையில் தலை கனக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. படுக்கும் முன் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள், கதவடியில் விரல் அளவு இடைவெளி விடச் சொல்லுங்கள்.

இப்போது கான்கிரீட்டுக்கு முன் ஏசிக்காகச் செய்ய வேண்டியது: உள்பெட்டி எங்கே, வெளிப்பெட்டி எங்கே என்று முடிவு செய்து, இடையில் குழாய் போகும் துளையை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக விடுங்கள். தண்ணீர் வடியும் பைப்புக்குத் தனி வழி, முழுக்கச் சரிவோடு. சுவருக்குள் புதைத்த வடிபைப்பில் மேடு விழுந்தால் ஒவ்வொரு கோடையும் சுவர் நனையும். இடித்துத்தான் சரி செய்ய வேண்டும்.

அடுத்தது மின்சாரம். இங்கேதான் நிதானமாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் மற்றதில் தவறு நடந்தால் பணம் போகும், இதில் உயிர் போகும்.

வீட்டில் என்னென்ன ஓடும் என்று கூட்டுவோம். இரண்டு ஏசி 3.2 கிலோவாட், இரண்டு ஹீட்டர் 4, இண்டக்‌ஷன் அடுப்பு 2, ஒரு குதிரைத்திறன் மோட்டார் 1.1, மிக்ஸி, வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாம் சேர்த்து 2. மொத்தம் 12 கிலோவாட்டைத் தாண்டுகிறது. 230 வோல்ட்டால் வகுத்தால் 50 ஆம்பியருக்கு மேல். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாதுதான். ஆனாலும் த்ரீ ஃபேஸ் சர்வீஸ், அதாவது கரன்ட் மூன்று தனி ஒயர்களில் வரும் இணைப்பு, கேட்டு வாங்கி, சுமையை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு ஏசியும் ஒரு ஹீட்டரும் ஒரு ஃபேஸில், இன்னொரு ஜோடி அடுத்ததில், சமையலறையும் மோட்டாரும் மூன்றாவதில் என்பது போல.

ஒயரின் தடிமனை 'சதுர மிமீ' என்று சொல்வார்கள். விளக்கு, ஃபேனுக்கு 1.5, பெரிய பிளக் பாயிண்ட்டுக்கு 2.5, ஏசி, ஹீட்டருக்குத் தனித்தனியாக 4. விளக்கு ஃபேன் சர்க்யூட் ஒன்றில் பத்துப் பாயிண்ட் அல்லது 800 வாட்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஒயரில் கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. பிளாஸ்டிக் உறை அதைத் தாங்காது. திருகு சரியாக முறுக்காத இடங்களிலும் இதே கதைதான். ஹீட்டர் பிளக் பழுப்பாகி இளகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஒயர்கள் எல்லாம் பிரிந்து போகும் டிபி பெட்டியில் வரிசையாக இருக்கும் எம்சிபி, அதாவது சுமை மீறினால் தானாக விழும் ஸ்விட்ச், அந்த ஒயரைக் காப்பாற்றும் காவல்காரன். 1.5 ஒயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5க்கு 16, 4க்கு 20 அல்லது 25. அடிக்கடி விழுகிறது என்று யாராவது 16ஐக் கழற்றி 32 போட வந்தால் தடுத்துவிடுங்கள். ஒயர் கருகுவதற்கு அனுமதி கொடுப்பது போன்றது அது. விழுகிறது என்றால் அந்த ஒயரில் சுமை அதிகம், அல்லது எங்கோ பழுது. அதைத்தான் தேட வேண்டும்.

ஆனால் எம்சிபி மனிதரைக் காப்பாற்றாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. ஈரக் கையோடு பழுதான ஹீட்டரைத் தொடுகிறீர்கள். உடம்பின் தடை 1,000 ஓம் என்று வைத்தால் 230 மில்லியாம்பியர், அதாவது கால் ஆம்பியர்கூட இல்லை, உடம்பு வழியாகத் தரைக்குப் போகும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நெஞ்சு வழியாக 100 மில்லியாம்பியர் ஒரு நொடி போனாலே இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிவிடும்.

அதற்குத்தான் ஆர்சிசிபி. போன கரன்ட்டும் திரும்பி வந்த கரன்ட்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்பியர் குறைந்தால், வேறு எங்கோ, ஒருவேளை யாருடைய உடம்பு வழியாகவோ போகிறது என்று அர்த்தம், 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். 30 மில்லியாம்பியர் வகைதான் வேண்டும், 100 அல்லது 300 வகை ஆளைக் காப்பாற்றாது. வீடு முழுவதற்கும் ஒன்றே ஒன்று போட்டால் எங்கோ சின்னக் கசிவுக்கு மொத்த வீடும் இருட்டாகும், அப்புறம் வெறுத்துப்போய் யாராவது அதைக் கழற்றி நேராகக் கொடுத்துவிடுவார்கள். அதனால் ஃபேஸுக்கு ஒன்றாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். அதன் முகத்தில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும்: ஒரு கையில் ஃபேஸும் (கரன்ட் வரும் ஒயர்) மறு கையில் நியூட்ரலும் (திரும்பிப் போகும் ஒயர்) பிடித்தால் அதற்கு நீங்களும் ஒரு பல்பும் ஒன்றுதான், துண்டிக்காது.

கசியும் கரன்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியை வீட்டின் ஈரமான மூலையில், தோட்டத் தண்ணீர் விழும் இடத்தில் எடுங்கள். எந்த பிளக்கிலும் எர்த் முனையை நியூட்ரலோடு கோர்த்துவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் உங்கள் ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். த்ரீ ஃபேஸ் வீட்டில் வெளி நியூட்ரல் அறுவது இன்னொரு ஆபத்தும் கூட. குறைந்த சுமை உள்ள ஃபேஸில் வோல்ட்டேஜ் 230ஐத் தாண்டி 400ஐ நோக்கி ஏறும், டிவியும் விளக்கும் ஒரே நேரத்தில் புகையும். மீட்டரை ஒட்டி அதிக வோல்ட்டேஜில் துண்டிக்கும் கருவி ஒன்று வைத்தால் நல்லது.

'இன்வெர்ட்டர்' என்ற சொல் உங்களைக் குழப்பியிருக்கும். கரன்ட் போனால் பேட்டரியிலிருந்து கொடுப்பது ஒன்று, கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏசி ஒன்று, சோலார் பலகையின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக்குவது இன்னொன்று. மூன்றும் வேறு. பேட்டரி இன்வெர்ட்டர் வைக்கும் எண்ணம் இருந்தால், அதில் ஓட வேண்டிய ஃபேன், விளக்குகளுக்கு ஃபேஸும் நியூட்ரலும் தொடக்கத்திலிருந்தே தனியாக இழுக்க வேண்டும். நியூட்ரலைக் கலந்துவிட்டால் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். சோலார் இப்போது வேண்டாம் என்றாலும் மொட்டை மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு காலிப் பைப் போட்டு வையுங்கள். கூரை சோலாருக்கான மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று 2024இல் அறிவித்தார்கள். பலகை விழுத்தும் நிழலும் கூரைக்கு லாபம்.

வெந்நீர் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 25 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். 2 கிலோவாட் ஹீட்டரில் அரை மணி நேரம். பெரிய ஹீட்டர் வாங்கினால் சீக்கிரம் சூடாகும், யூனிட் குறையாது. சூரிய வெந்நீர் நல்ல வழி, ஆனால் போர்வெல் தண்ணீர் உப்பு என்றால் குழாய்களில் உப்புப் படிந்து அடைக்கும். மாடியிலிருந்து கீழ்க் குளியலறைக்கு 20 மீட்டர் முக்கால் இஞ்ச் குழாய் என்றால் அதற்குள்ளேயே 5 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீர் நிற்கும். அதை வடித்த பிறகுதான் வெந்நீர் வரும். குளியலறைகளை மேலும் கீழும் ஒரே மூலையில் வைத்து, குழாய்க்கு வெப்ப உறை போடுங்கள். அறையைச் சூடாக்கும் கவலை திருச்சியில் நமக்கு இல்லை. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் கட்டுகிறவர்களுக்குக் கணக்கு அப்படியே தலைகீழ்: வெயிலை உள்ளே வரவிட்டு வெப்பத்தை வெளியே விடாமல் பிடிக்க வேண்டும்.

வெளிச்சத்தில் வாட்டை மறந்துவிடுங்கள். விளக்கு தரும் ஒளியின் அளவு லூமென். ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமென் வந்து விழுகிறது என்பது லக்ஸ். பழைய 60 வாட் குண்டு பல்பு 700 லூமென் தந்தது, மீதியெல்லாம் சூடு. இன்று 9 வாட் எல்இடி 900 தருகிறது. இதைச் சாத்தியமாக்கிய நீல எல்இடிக்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. உங்கள் அறையில் பொதுவாக 150 லக்ஸ் வேண்டும் என்றால், 11 சதுர மீட்டருக்கு 1,650 லூமென். சுவர் குடிப்பது, தூசி படிவது எல்லாம் போக இரு மடங்கு வைக்க வேண்டும். 20 வாட் எல்இடி ட்யூப்லைட் இரண்டு, எதிரெதிர்ச் சுவரில். ஒரே ஒரு விளக்கை நடுவில் வைத்தால் எங்கே உட்கார்ந்தாலும் உங்கள் நிழலே புத்தகத்தில் விழும்.

படிக்கும் மேசைக்கு 300 லக்ஸாவது தனி விளக்கில் வர வேண்டும்; வலது கைக்காரருக்கு இடப்பக்கத்திலிருந்து. விடைத்தாள் திருத்தும் உங்களுக்கு இது முக்கியம். சமையலறையில் கூரை நடு விளக்கு மட்டும் வைப்பது நம் வீடுகளில் தலைமுறையாகத் தொடரும் தவறு. மேடையில் காய் நறுக்குகிறவரின் முதுகுக்குப் பின்னால் விளக்கு. கத்தி இருக்கும் இடம் நிழலில். மேடைக்கு நேர் மேலே, அலமாரிக்கு அடியில் ஒரு பட்டை விளக்குக்குப் பாயிண்ட் கேளுங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை, யோசிக்காததால்தான் இந்தத் தவறு தொடர்கிறது.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணால் சொல்வார்கள். படுக்கையறையில் 3,000 கெல்வின் மஞ்சள் ஒளி, படிக்கும் இடத்திலும் சமையலறையிலும் 4,000. பால்வெள்ளை 6,500 கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், தூங்கும் நேரத்துக்கு ஒத்துவராது. மாடிப்படிக்கு மேலும் கீழும் டூ-வே ஸ்விட்ச் கட்டாயம். கூரைக்குள் புதைக்கும் எல்இடியைக் காற்றுப் போகாமல் மூடிவிடாதீர்கள். அதற்கும் எதிரி வெப்பம்தான், எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் என்ற பாகம் சீக்கிரம் போய்விடும். பகலில் விளக்கே வேண்டாம் என்றால் ஜன்னலின் மேல் விளிம்பை உயர்த்துங்கள். தரையிலிருந்து அது எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் உள்ளே வரும்.

இந்த மூன்று வாரத்தில் செய்ய வேண்டியதை வரிசைப்படுத்திவிடுகிறேன். வீட்டு வரைபடத்தை நாலு நகல் எடுத்து, ஒவ்வொரு அறையிலும் கட்டில், மேசை, ஃபிரிட்ஜ், பூஜை அலமாரி எங்கே வரும் என்று முதலில் பென்சிலால் வரையுங்கள். விளக்கையும் பிளக்கையும் அதற்கு அப்புறம் குறியுங்கள். கட்டிலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஸ்விட்ச் போர்டு எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்! கூரைக்கு இப்போது தேவை ஃபேன் பாக்ஸும் விளக்குப் பாயிண்ட்டும் பைப்பும்தான். சுவர்க் காடி அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். கம்பி கட்டி முடிந்ததும், கான்கிரீட் வண்டி வருவதற்கு முன் காலையில் சென்ட்ரிங் மேல் ஏறி, பைப் போகும் பாதை எல்லாவற்றையும் டேப் வைத்துப் போட்டோ எடுங்கள். பூச்சுக்கு முன் சுவர்களையும் அப்படியே எடுங்கள். அந்தப் படங்களை அச்சிட்டு டிபி பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு உறையில் போட்டு வையுங்கள். பத்து வருடம் கழித்து யாராவது சாமி படம் மாட்ட டிரில்லோடு வரும்போது அந்த உறையைப் பிரித்துப் பார்க்கட்டும்.